வடதருவை சாய்ந்திருந்த பதினெட்டு நாள்

பேச்சிக்கனியின் வலது கண்ணுக்குள் வைத்த லென்ஸ் ஏழு டிகிரி தப்பாக உட்கார்ந்துவிட்டதால் வடதருவை என்ற உப்பள ஊர் கிழக்கே, கடல் பக்கமாக, ஏழு டிகிரி சாய்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கியவள், ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க, பார்த்த வரிசையிலேயே, முதலில் பஸ் ஸ்டாப்பு, அப்புறம் டீக்கடை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அம்மன் கோயிலும் மாதா கெபியும் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றாக, கடைசியில் கண்ணுக்கெட்டிய மட்டும் அளங்களும் அளத்துக்குள் நின்ற தண்ணீரும் சாய்ந்தன. தண்ணீர் ஒரு சொட்டு வழியவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், சாய்ந்து விழுந்த டீக்கு நேரே கிளாஸைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாங்கிவிட்டு, சர்க்கரை போதுமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

மனுசர்களை மட்டும் அவள் பார்வை அசைக்கவில்லை. மனுசர்கள் தாங்களாகவே சாய்ந்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் பேச்சிக்கனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் காட்சி இல்லை, அளத்தில் வரப்பு கட்டுகிற வேலை. பிறவியிலேயே அவளுக்குக் கண்ணில் கோணல் இருந்தது. எந்தக் கோடும் அவளுக்கு ஒற்றைக் கோடாகத் தெரிந்ததில்லை. அவள் கட்டிய வரப்பு பாம்பு போகிற மாதிரி போகும், அவள் போட்ட கோலம் வாசலை விட்டுத் தெருவுக்கு ஓடும். கோணக்கனி என்றுதான் ஊர் அவளைக் கூப்பிட்டது, அவளும் சும்மா விட்டவள் இல்லை, "நான் கட்டுனது நேருதாம்ல, ஒங்க கண்ணுதான் நொள்ள!" என்று இடுப்பில் கைவைத்து நின்று ஊர் முழுக்க ஐம்பது வருடமாகச் சண்டை போட்டாள். அந்தச் சண்டையில் அவளுக்கும் ஊருக்கும் ஒரு தெம்பு இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு பஸ் ஸ்டாப்பு திண்டில் உட்கார்ந்து, "யாத்தே, எல்லாம் எம்புட்டு நேரா இருக்கு!" என்று சொல்லிவிட்டு அழுதாள். வார்டு மெம்பர் சுடலைமணி எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, சாய்ந்த டீக்கடைத் தூணுக்குத் தோதாகத் தானும் கிழக்கே கொஞ்சம் சாய்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அவரைப் பார்த்துச் சாய்ந்தார்கள். அரைமணி நேரத்தில் ஊர் முழுக்கச் சாய்ந்து நின்றது, யாரும் யாரிடமும் ஒன்றும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நடந்தபோது ஜெசிந்தா நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில், அடுத்த ஆளின் கண்ணில் குறி வைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாக அதுதான் அவள் வேலை. கண்ணின் முன்பக்கம் பந்து மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும், சிலருக்கு முட்டை மாதிரி ஒருபக்கம் அமுங்கி இருக்கும். புரையை எடுத்துவிட்டு வைக்கிற சாதாரண லென்ஸ் அந்தக் கோணலைச் சரிசெய்யாது. அதற்கென்று தனி லென்ஸ் உண்டு. அதன் ஓரத்தில் புள்ளிகள் இருக்கும், அந்தப் புள்ளிகள் கண்ணின் கோணலோடு கச்சிதமாகப் பொருந்தி உட்கார வேண்டும். ஒரு டிகிரி தப்பினால் நூற்றில் மூன்று பங்கு போச்சு. இதில் ஒரு வில்லங்கம் என்னவென்றால், ஆள் மல்லாந்து படுத்ததும் கண் குழிக்குள் லேசாகச் சுழன்றுகொள்ளும், அதனால் படுக்கப் போடுவதற்கு முன்னாலேயே ஆளை நேராக உட்காரவைத்து, தலையை நிமிர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொல்லி, கருவிழியின் இரண்டு ஓரத்திலும் ஊதா மையால் குறி வைக்க வேண்டும். உள்ளே டாக்டரம்மா அந்தக் குறியை நம்பித்தான் லென்ஸைத் திருப்புவார். ஜெசிந்தாவின் குறி பத்தொன்பது வருடத்தில் தப்பியதில்லை.

பேச்சிக்கனிக்குத்தான் தப்பியது. யாரோ தானமாகக் கொடுத்த அந்த லென்ஸ்களில் இரண்டு, கண்ணுக்கு ஒன்றாக, இலவசக் கண் முகாம் வழியாக வந்த பேச்சிக்கனிக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஸ்டூலில் உட்காரவைத்தபோது அவள் வெடவெடவென்று நடுங்கினாள். "பயமாருக்கு நர்சம்மா" என்றாள். ஜெசிந்தா தலையை நிமிர்த்துவதற்காகத் தாடையில் கைவைத்தாள், பேச்சிக்கனி அந்தக் கையிலேயே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள், பச்சைப்பிள்ளை சாய்வது மாதிரி. கன்னம் சூடாக இருந்தது.

ஜெசிந்தாவின் புருசன் வியாகப்பன் செத்து அப்போது பதினோரு மாதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்; காலையில் இரண்டாவது தோசையைப் பிய்த்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். அடக்கம் அன்றைக்கு, அழுதிரு அழுதிரு என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள், அவளுக்கு வரவில்லை. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை. டீ சூடா ஆறினதா தெரியாது, குழம்பில் உப்புப் போட்டோமா தெரியாது, ஒருநாள் அடுப்பில் விரல் சுட்டு, கருகுகிற வாடை வந்துதான் கையை எடுத்தாள். தலை சீவினாள், பஸ் ஏறினாள், குறி வைத்தாள், திரும்பி வந்தாள். பேச்சிக்கனியின் கன்னம் அந்தப் பதினோரு மாதத்தில் அவளுக்குச் சூடு என்று தெரிந்த முதல் பொருள். கையை எடுக்க மனசு வரவில்லை. எடுக்காமலே, சாய்ந்த தலையோடு, ஊதாக் குறியை வைத்தாள்.

ஏழு டிகிரி என்றால் பார்வையில் கால்வாசி போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தக் கால்வாசியை வடதருவை தன் பங்குக்குக் கொடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்தபோது ஏன் ஆஸ்பத்திரி சாயவில்லை என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆஸ்பத்திரி நாளைக்கு ஆயிரம் கண் பார்க்கிற இடம், ஒரு கண்ணுக்கு அசையாது. வார்டு கடிகாரம் மட்டும் லேசாகச் சாய்ந்தது, வாட்ச்மேன் அதைத் தட்டி நிமிர்த்தினார். வடதருவையில் முன்னூறு பேர், உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து முன்னூறு பேருக்கும் கண் பாதி மூடித்தான் கிடந்தது. அந்த ஊரில் முழுசாகத் திறந்த கண் அன்றைக்கு அது ஒன்றுதான்.

ஊர் மூன்றே நாளில் பழகிக்கொண்டது. முதலில் பழகியது ஆடுகள். தண்ணீர் பேச்சிக்கனி பார்த்தபடி சாய்ந்து நின்றது, மனுசர்கள்தான் தூக்கத்தில் கட்டிலை விட்டு உருண்டார்கள், அதனால் வீட்டுக்கு வீடு கிழக்குப் பக்கத்துக் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் துண்டு வந்தது. பேச்சிக்கனி கண் தெளிந்த குஷியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள், செங்கல் வைத்து நிமிர்த்திய கட்டிலைப் பார்த்தால், "ஏட்டி, கட்டில ஏன் இப்பிடிக் கோணலாப் போட்டுருக்க?" என்று கேட்டுவிடுவாள், ஆகையால் அவள் வருகிற சத்தம் கேட்டதும் செங்கல்லை உருவிக் கதவுக்குப் பின்னால் மறைப்பதும், அவள் போனதும் திரும்பச் சொருகுவதுமாக ஊர்ப் பொம்பிளைகளுக்கு அது ஒரு வேலையாகிப் போனது. பஸ் டிரைவர் ஊர் எல்லைப் பாலம் வந்ததும் "மேக்கால கம்பியப் பிடிச்சுக்கோங்க" என்று குரல் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். கரண்டு ஆபீஸ்காரர் ஒருவர் வந்து, சாய்ந்த கம்பங்களை வரிசையாகப் பார்த்து, எல்லாம் ஒரே மாதிரி சாய்ந்திருப்பதால் பழுதில்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஒரு கல்யாணம்கூட நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெளியூர், பந்தியில் ஒருபக்கமாக ஒதுங்கி நின்ற ரசத்தைப் பார்த்து நாலு பேர் வாந்தி எடுத்தார்கள், தாலி கட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

சாயாத இடம் ஊரில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. சுடலைமணி வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுத் தொழுவம். மாடு முட்டும் என்ற பயத்தில் பேச்சிக்கனி அந்தப் பக்கமே போகமாட்டாள். முகம் வழிக்கிறவர்கள், ஊசியில் நூல் கோக்கிறவர்கள், தலைசுற்றுகிற வாயும் வயிறுமான பெண்கள் எல்லோரும் அங்கே போய்ச் சாணி வாசத்தில் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

எட்டாம் நாள், ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரி வேன் வந்தது. அதில் ஜெசிந்தா வந்தாள். பாலத்தைத் தாண்டியதும் அவள் பையில் கிடந்த கருவிகள் எல்லாம் ஒருபக்கம் சரிந்தன. இறங்கி நின்றவளுக்கு ஒருவரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாய்ந்த தொட்டியையும் சாய்ந்த கோபுரத்தையும் பார்த்ததும் இது எத்தனை டிகிரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சிக்கனியின் கண்ணில் மருந்து ஊற்றி, லைட்டு அடித்துப் பார்த்தாள். புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏழு டிகிரி தள்ளி உட்கார்ந்திருந்தன. "எப்பிடி நர்சம்மா இருக்கு?" என்றாள் பேச்சிக்கனி. "நல்லாருக்கும்மா" என்றாள் ஜெசிந்தா, அவள் குரலில் ஒன்றும் இல்லை.

அப்புறம் வேனுக்குத் திரும்பி நடந்தாள். சாய்ந்த தெருவில் பத்தடி வைத்திருப்பாள், நெஞ்சுக்குள் பதினோரு மாதமாக அசையாமல் மட்டமாக நின்ற எதுவோ ஒருபக்கம் சரிந்து வழிந்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். வியாகப்பன் பெயரைச் சொல்லி, மூக்கு ஒழுக, வாய்விட்டு அழுதாள். டீக்கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். வேன் பாலத்தைத் தாண்டி நேரான ரோட்டில் ஏறியதும் அழுகை பட்டென்று நின்றுபோனது, கன்னத்தில் ஈரம் இருந்தது, ஏன் இருந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். லென்ஸைத் திருப்பி வைப்பதாக இருந்தால் மூன்று வாரத்துக்குள் வைத்துவிட வேண்டும், அதற்கு மேல் அது உள்ளே ஒட்டிக்கொள்ளும், ஜெசிந்தாவுக்கு அது தெரியாமல் இல்லை. சொல்லாமல் அந்த வாரம் வார லீவு அன்றைக்கு பஸ் ஏறி வடதருவைக்குப் போனாள். சாய்ந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவி, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். நாலு நாள் கழித்து அரை நாள் லீவு போட்டு மறுபடியும் போனாள். சினிமாவுக்குப் போகிறவர்கள் உண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, அவள் அழுவதற்குப் போனாள், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மூன்றாம் தடவைதான் சுடலைமணி அவளைத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் உள்ளே எல்லாம் பழையபடி மட்டமாகி, ஒன்றும் தெரியாமல் ஆனது.

"சிஸ்டர், ஒங்ககிட்ட ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றார் சுடலைமணி. "அடுத்த வாரம் பேச்சிக்கனி அக்காவுக்கு எடது கண்ணு ஆபரேசன்லா. அந்தக் கண்ண நீங்க சரியா வச்சிட்டியன்னா, ஒரு கண்ணு ஊர இங்கிட்டு இழுக்கும், ஒரு கண்ணு அங்கிட்டு இழுக்கும். ஊரு தாங்குமா?"

"வலது கண்ணு லென்ஸத் திருப்பிரலாம். இன்னும் நாள் இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"திருப்புனா அவளுக்குத் தெரிஞ்சிருமே. இத்தன நாளு நாம பாத்தது கோணல்தானான்னு மனசு விட்டுருவா. நாங்க அவளப் பேசாத பேச்சா? கொஞ்சமாவா பேசிருக்கோம்?" சுடலைமணி மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார். "எங்களுக்கு இது பழகிருச்சு. எடது கண்ணையும் அதே மாதிரி ஏழு டிகிரி தள்ளி வச்சிருங்க. சாவுத வரைக்கும் அவ நேராப் பாத்துட்டுப் போவட்டும்."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நல்ல மனுசர்கள்தான், ஒருவர் முகத்திலும் கள்ளம் இல்லை. ஜெசிந்தா அவர்கள் சொன்னதை யோசித்தாள் என்று நினைக்காதீர்கள். அவள் யோசித்தது பஸ் ஸ்டாப்புத் திண்டை. ஊர் நிமிர்ந்துவிட்டால் அழுவதற்கு அவளுக்கு இந்த உலகத்தில் வேறு இடம் கிடையாது. "சரி" என்றாள்.

இடது கண்ணுக்கு நாள் வந்தது. காலை எட்டு மணி, குறி வைக்கிற அறை, அதே ஸ்டூல். இந்தத் தடவை பேச்சிக்கனி நடுங்கவில்லை. தைரியமாக வந்து உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள்.

"நர்சம்மா, எங்க ஊரு எப்பிடி நேரா இருக்கு தெரியுமா? அம்பது வருசமா நான்தான் எல்லாத்தையும் தப்பாப் பாத்துட்டு, ஊரு பூரா சண்ட போட்டுருக்கேன். எனக்கு வெக்கமாப் போச்சு. போன வாரம் வீடு வீடாப் போனேன். நான் பேசுனதெல்லாம் தப்பு, மன்னிச்சிருங்கன்னு ஒவ்வொருத்தர்ட்டயும் கேட்டேன்."

ஊதா மை தொட்ட கருவியைக் கையில் பிடித்தபடி ஜெசிந்தா நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"தங்கமான சனங்க. பரவால்லக்கா, விடுக்கான்னு எல்லாரும் மன்னிச்சிட்டாவ. அந்த சுடலமணிப் பய கையெடுத்துக் கும்பிடுதான். அவன நான் என்ன பாடு பேசிருப்பேன்!"

அறைக்கு வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா கருவியைத் தட்டில் வைத்தாள். அவளுக்குக் கோபமோ துக்கமோ வரவில்லை, அந்த அறை நேரான அறை, அங்கே எதுவும் வராது. இதை இப்படியே விடக்கூடாது என்பது மட்டும், எழுதி ஒட்டின நோட்டீஸ் மாதிரி, அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஒங்க வலது கண்ணுல நான் தப்பா குறி வச்சிட்டேன்" என்றாள். "ஏழு டிகிரி. நீங்க நேராப் பாக்கது எல்லாம் சாஞ்சிருக்கு. நீங்க பாத்ததும் ஊரு சாஞ்சிருச்சு. எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

பேச்சிக்கனி சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், கதவுக்குப் பின்னால் கிடந்த செங்கல், அவள் திரும்பியதும் தடுமாறிச் சாய்ந்து நின்ற பிள்ளைகள், பாலத்தில் ஆளுக்கு ஆள் பிடித்த கம்பி.

"சாஞ்சு நின்னுக்கிட்டா என்னைய மன்னிச்சானுவ?" என்றாள்.

ஜெசிந்தா தட்டில் கிடந்த கருவியை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"கோணக்கனி கோணக்கனின்னு அம்பது வருசம் சொன்னானுவ. நானும் பதிலுக்குப் பேசுனேன். அப்ப நான் ஒரு ஆளு. ஏட்டின்னா ஏலன்னு நிக்கிற ஆளு. இப்ப ஊரே கோணிக் கெடக்கு, ஒருத்தன், ஒரே ஒருத்தன், வாயத் தொறந்து சொல்லல. என்னையப் பாத்துப் பாவம்னு நெனச்சிட்டானுவ பாத்தியளா?" முட்டியில் ஓங்கித் தட்டிக்கொண்டாள். "நான் செத்தா போனேன்? செத்தவளுக்குல்லா இப்பிடி எல்லாரும் ஒண்ணுபோல நல்லவனா நிப்பானுவ!"

"தப்பு என்னோடது" என்றாள் ஜெசிந்தா. "அன்னைக்கு ஒங்க கன்னம் என் கையில இருந்துச்சு. தலைய நிமித்தணும்னா கைய எடுக்கணும். எடுக்க மனசு வரல."

பேச்சிக்கனி அதைக் காதில் வாங்கிக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஸ்டூலில் நிமிர்ந்தாள். கழுத்து நரம்பு புடைக்கத் தலையை நேராக வைத்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, எதிர்ச் சுவரை முறைத்துப் பார்த்தாள். "ரெண்டையும் சரியா வையிங்க. டாக்டரம்மாட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

ஜெசிந்தாவே சொன்னாள். டாக்டரம்மா வலது கண்ணை மிஷினில் பார்த்தார், ஏழா என்றார், நல்லவேளை இன்னும் ஒட்டவில்லை என்றார். பழைய லென்ஸைத் திருப்புவதும் புதிய லென்ஸை வைப்பதும் வேறு வேறு நாளில் நடந்தன, இரண்டுக்கும் குறி வைத்தது ஜெசிந்தாதான், இரண்டு தடவையும் பேச்சிக்கனி யார் கையும் படாமல் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஜெசிந்தாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு, குறி வைக்கிற அறையிலிருந்து மாற்றி, மூன்று மாதத்துக்குச் சொட்டு மருந்து ஊற்றுகிற வரிசையில் போட்டார்கள். எழுதியதில் காரணம் என்ற இடத்தில் அவள் கவனக்குறைவு என்று எழுதினாள்.

வலது லென்ஸைத் திருப்பிய நிமிசத்திலேயே, பேச்சிக்கனி கண்கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே, வடதருவை நிமிர்ந்தது. பகல் பதினொன்றே முக்கால். அளத்துத் தண்ணீர் எல்லாம் மேற்கே ஓடி மட்டத்துக்கு வந்த சத்தம் கடல் சத்தத்தை மிஞ்சியது என்றார்கள். செங்கல் வைத்த கட்டில்கள் இப்போது மேற்கே உருட்டின. சுடலைமணி இடையில் கட்டி முடித்திருந்த புதுத் திண்ணைச் சுவர் விரிசல் விட்டது. மனுசர்கள் பழக்கதோசத்தில் ஒரு வாரம் வரை கிழக்கே சாய்ந்தபடி நேரான தெருவில் நடந்தார்கள், விழுந்தார்கள், முட்டியைத் தேய்த்துக்கொண்டார்கள். இந்த நர்சம்மாவை நம்பினோமே என்று வீட்டுக்கு வீடு திட்டினார்கள்.

ஊருக்கு வந்திறங்கிய பேச்சிக்கனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தான் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கேட்டாள். "தா, இப்பத் தா, நான் கேட்டத எடுத்துக்கிடுதேன்" என்று கத்தினாள். முதல் இரண்டு நாள் ஊர் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தது. மூன்றாம் நாள் சுடலைமணியின் பெண்சாதிக்குப் பொறுக்கவில்லை, "ஆமாக்கா, ஒனக்குப் போயி எரக்கப்பட்டோம் பாரு, எங்களச் செருப்பால அடிக்கணும்!" என்று திருப்பிக் கத்தினாள், அதற்கப்புறம் ஒருவர் விட்டு ஒருவர் என்று தெருவே வாசலுக்கு வந்து பேச்சிக்கனியோடு சரிக்குச் சரி சண்டை போட்டது. சாயங்காலம் வரை நடந்தது. தொண்டை கட்டின பிறகு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் ஆஸ்பத்திரி வேன் வந்தது. சொட்டு மருந்துப் பெட்டியோடு ஜெசிந்தா வந்தாள். பாலத்தைத் தாண்டியும் பையில் எதுவும் சரியவில்லை. பஸ் ஸ்டாப்புத் திண்டில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அரைமணி நேரம் உட்கார்ந்தாள். வெயில் அடித்தது, டீக்கடைக்காரர் இந்தத் தடவை தண்ணீர் கொண்டுவரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகை வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சிக்கனி அளத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தாள். வந்து எதிரே நின்று, சரியாக வைத்த இரண்டு கண்ணாலும் ஜெசிந்தாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவள் பார்வையில் இப்போது எதுவும் சாய்வதில்லை, நிமிர்வதும் இல்லை, எல்லோருடைய பார்வையும் மாதிரி அது வெறும் பார்வைதான்.

"அன்னைக்கு என்னமோ சொன்னியளே" என்றாள். "கையெடுக்க மனசு வரலன்னு."

"ஆமா."

பேச்சிக்கனி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திண்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்க வீட்டுல யாரு போனா?"

பன்னிரண்டு மாதத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் தெரிந்ததால் கேட்கவில்லை, தெரியாதவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"வீட்டுக்காரரு" என்றாள் ஜெசிந்தா. "வியாகப்பன்னு பேரு."

"எப்பிடி இருப்பாரு?"

ஜெசிந்தா யோசித்தாள். "குள்ளம்" என்றாள். "சிரிச்சா சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும். சாப்பிடும்போது பேசாதீங்கன்னு சொன்னா கேக்கவே மாட்டாரு..." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழுகை வரவில்லை. தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்கு நடுவில், ஒரு இடம் வலித்தது. நேரான ஊரில், நேரான திண்டில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த இடம் நன்றாக வலித்தது.

"ம், சொல்லு" என்றாள் பேச்சிக்கனி.